மறுபக்கத்தில் எழுதக் கூடாது

மட்டுவார்குழலி டீச்சருக்கு அந்த மையத்தின் மேல் முதல் சந்தேகம் வந்ததே அவர்கள் பணம் கேட்காததால்தான்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது ‘அகில உலக மழலையர் சேவைத் தன்னார்வலர் ஆயத்த மையம்’. வெளிநாடுகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களை ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. எங்கேயோ இருக்கும் ஒரு புண்ணியவான் அறக்கட்டளை வைத்து நடத்துகிறாராம். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, வெயில் ஏறினால் மோர் உண்டு. பாலக்கரையில் அறுபத்தொரு வருடம் வாழ்ந்தவர்கள் இலவசமாக எதையும் தருகிற இடத்தில் செருப்பைக் கழற்றும்போதே அதன் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். டீச்சரும் அப்படித்தான் கழற்றினார்.

அவர் பாலக்கரையில் ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். ஒரு காலத்தில் ஒரே அறையில் எண்பத்தேழு பிள்ளைகள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற வருடம் பதினோரு பேர். கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது. காலை ஒன்பதே காலுக்கு எங்கேயாவது மணி அடித்தால் இப்போதும் கை தானாகப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொள்ளும்.

மே மாதம் மலாவியிலிருந்து சகாயராணி போன் செய்தாள். டீச்சரிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ.

“டீச்சர், இங்க ஒண்ணாம் வகுப்புல நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. பாடம் எடுத்தவங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க. செப்டம்பர் எட்டாம் தேதி ஸ்கூல் தொறக்குது. அதுக்குள்ள ஆள் வரலைன்னா அந்த வகுப்பை மூடிடப் போறாங்க. அடுத்த வருஷம் வாங்கன்னு அனுப்பினா பிள்ளைங்க ஆடு மேய்க்கப் போயிடும். அப்புறம் திரும்பி வராது. நீங்க வரீங்களா?”

“என்னென்ன சர்டிபிகேட் எடுத்துட்டு வரணும்?”

“ஒண்ணும் வேணாம் டீச்சர். பாஸ்போர்ட் போதும், விசாவுக்கு இங்கேருந்து லெட்டர் வரும். முடிஞ்சா பேப்பர் கொண்டுவாங்க. இங்க அதுக்குத்தான் பஞ்சம். ஒரு தாளை நாலாக் கிழிச்சுக் குடுக்குறோம்.”

ஒன்றும் வேண்டாமா? டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. ‘வீட்டுப்பாடம் ஒண்ணும் குடுக்கலை டீச்சர்’ என்று ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சாதித்தவள் இவள். தவிர, ஒரு சாக்பீஸ் பெட்டிக்கே மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதி வாழ்ந்த ஒருவரால், கடல் கடந்து நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் வெறுங்கையோடு போய் நிற்கலாம் என்பதை எப்படி நம்ப முடியும்? எங்கேயாவது ஒரு முத்திரை தேவைப்படும். தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் போகும். ஆகவே அவர் முத்திரையைத் தேடிப் புறப்பட்டார். தேடினால் கிடைக்காமலா போகும்? பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலேயே கிடைத்தது.

மையத்தின் இயக்குநர் பீமராவ் சஃபாரி சூட் அணிந்திருந்தார். மேஜையில் ஓர் உலக உருண்டை இருந்தது. பேசும்போது அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். எந்தக் கண்டத்திலும் நிற்க விடமாட்டார்.

“ஏன் போகணும்னு நினைக்கிறீங்கம்மா?”

“அங்க பிள்ளைங்க இருக்காங்க, டீச்சர் இல்லைங்க சார்.”

பீமராவ் அதை எழுதிக்கொண்டு, எழுதியதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“சொந்தக்காரங்க யாராவது அங்க இருக்காங்களா?”

“இல்லைங்க.”

“வியாபாரம், கல்லு, தங்கம், அந்த மாதிரி?”

“இல்லைங்க.”

“வீட்டுல மனஸ்தாபமா?”

“வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்.”

“அப்போ உங்களுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை.” பீமராவ் பேனாவை மூடினார். “இதுதாம்மா எங்களுக்குக் கவலை. உள்நோக்கம் உள்ளவங்களை நாங்க எட்டு வாரத்துல சரிபண்ணிடுவோம். இல்லாதவங்களை எங்கேருந்து சரிபண்றது? பரவாயில்லை, சேர்த்துக்கிறோம். ஆனா கண்காணிப்புல இருப்பீங்க.”

வகுப்பு ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, மையத்தின் ஆண்டு விழாவில், சான்றிதழோடு முடியும் என்றார்கள். டீச்சர் விரல் விட்டுப் பார்த்தார். செப்டம்பர் எட்டுக்குப் பதினைந்து நாள் மிச்சம். போதும்.

அன்றே அவர் கையில் பயிற்சி ஏட்டைக் கொடுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள், நல்ல வழவழப்பான கனத்த காகிதம். எல்லாம் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. முதல் தாளிலேயே விதி ஒன்று: ‘மறுபக்கத்தில் எழுதக் கூடாது. அது தன்னார்வலரின் மௌனத்துக்காக ஒதுக்கப்பட்டுள்ளது.’ டீச்சர் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த மௌனத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. வயிறு எரிந்தது.

பயிற்சி அறையில் எண்பது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். எதிரே, தன்னார்வலர் நிற்க ஒரு வட்டம். மூத்த பயிற்சியாளர் ராஜ்மோகன் விளக்கினார். பொன்மலை ரயில்வே பட்டறையில் போர்மேனாக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“இவங்கதான் குழந்தைங்க டீச்சர். பெருங்குழு. இவங்களோட கவனத்தை நீங்க ஈர்க்கணும்.”

“நெஜப் பிள்ளைங்க எப்ப வருவாங்க?”

“நெஜக் குழந்தைங்களை வெச்சுப் பயிற்சி குடுக்கிறது பாதுகாப்பு விதிக்கு விரோதம். பயிற்சி பெறாதவங்க கிட்ட குழந்தையை விடலாமா?”

“பயிற்சி பெற்ற பிறகு?”

ராஜ்மோகன் ஏட்டைப் புரட்டினார். அதைப் பற்றி எதுவும் போட்டிருக்கவில்லை.

அடுத்து மூங்கில் கழியைக் கொண்டுவந்தார்கள். சரியாக மூன்று மீட்டர். தன்னார்வலருக்கும் குழந்தைக்கும் இடையே எப்போதும் அந்த நீளம் இருக்க வேண்டுமாம். தொடக் கூடாது, குனியக் கூடாது, பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. பெயர் சொன்னால் பற்று உண்டாகும், பற்று உண்டானால் தன்னார்வலர் ஊர் திரும்பும்போது குழந்தை வருத்தப்படும். குழந்தையின் வருத்தத்தைத் தவிர்க்க ஒரே வழி, குழந்தையை யாரென்றே தெரிந்துகொள்ளாமல் இருப்பது. இதை பீமராவ் ஓர் உரையாகவே ஆற்றினார். டீச்சருக்குத் தன் வகுப்பில் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டே ‘அ’ எழுதப் பழகிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

இரண்டாம் வாரம் அவர் நாற்காலிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்தார். நாற்காலிகள் நன்றாகக் கவனித்தன. “கண் தொடர்பு போதாது” என்று மதிப்பெண் குறைத்தார்கள். மூன்றாம் வாரம் பேச்சை நிறுத்தி, சும்மா வட்டத்துக்குள் நின்றார். “சிறந்த அமைதி பேணல்” என்று முழு மதிப்பெண் போட்டார்கள். இதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் ஒரு வியாதி மாதிரிப் பரவத் தொடங்கியது.

சுவரில் புகைப்படங்கள் இருந்தன. ‘கென்யாவில் எமது பணி’, ‘கம்போடியாவில் எமது பணி’, ‘பெருவில் எமது பணி’. முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவு எடுத்த கண்ணுக்கு ஒரு பிள்ளையை ஒரு தடவை பார்த்தால் போதும். மூன்று படத்திலும் இரண்டாம் வரிசையில் ஒரே பையன் நின்றான். முன்பல் விழுந்த அதே சிரிப்பு, காலரில் அதே ஊக்கு. மூன்று கண்டம் சுற்றியும் அவனுக்குப் பல் முளைக்கவில்லை. டீச்சர் அன்றிலிருந்து மோர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் வாரம் நாற்பத்து மூன்றாம் நாற்காலி விழுந்தது. அதன் ஒரு காலில் ஏற்கெனவே விரிசல்; டீச்சர் எட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அது தானாக மடங்கிச் சாய்ந்துவிட்டது. அவர் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்த் தூக்கினார்.

அறையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ராஜ்மோகன் கழியை எடுத்து அளந்தார். இடைவெளி ஒன்றுமே இல்லை.

விசாரணைக் குழு மூன்று அமர்வுகள் கூடியது. பீமராவ் தலைமை. “விழுந்ததை விடுங்கம்மா, குழந்தைன்னா விழும்” என்றார். “அதைத் தூக்கினப்போ மத்த எழுபத்தொம்பது பேர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சீங்களா?”

“சார், அது நாற்காலி.”

“இன்னிக்கு நாற்காலின்னு சொல்றீங்க. நாளைக்கு அங்க போய் என்ன சொல்லுவீங்க?”

நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று பிரதி, ஒரு பக்கம் மட்டும். டீச்சர் எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் எட்டை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் சாலை ஓரத்து டீக்கடையில் ராஜ்மோகன் தானாக வந்து பக்கத்தில் நின்றார்.

“சார், ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவீங்களா? இங்கேருந்து இதுவரைக்கும் யார் யார் வெளிநாடு போயிருக்காங்க?”

ராஜ்மோகன் டீயை ஆற்றினார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

“நான் ஆறு வருஷம் முன்னாடி போகலாம்னுதான் வந்தேன் டீச்சர். பட்டறையில சின்னப் பசங்களுக்கு லேத் மெஷின் ஓட்டச் சொல்லிக்குடுத்த கை. எங்கேயாவது போய்ச் சொல்லிக்குடுக்கலாமேன்னு ஆசை. கடைசிப் பரீட்சையில கொஞ்சம் குறைஞ்சிடுச்சு. அடுத்த வருஷம் எழுதுங்க, அதுவரைக்கும் பயிற்சியாளரா இருங்கன்னாங்க. அப்புறம் மூத்த பயிற்சியாளர் ஆக்கிட்டாங்க.”

“மத்தவங்க?”

“ரிசப்ஷன்ல இருக்காங்களே சுபஸ்ரீ, அவங்க கம்போடியாவுக்குன்னு வந்தவங்க. ஆபீஸ்ல எல்லாருமே அப்படி வந்தவங்கதான்.” கொஞ்சம் தயங்கி, “டைரக்டர் சார் கூட பெரு போகணும்னுதான் வந்தாராம்” என்றார்.

மையம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம், பதினேழு ஊழியர்கள், ஒருவரும் விமானம் ஏறவில்லை. இது மோசடியாக இருந்தால்கூடத் தேவலை, யாரையாவது திட்டலாம். இங்கே எல்லோரும் மனப்பூர்வமாக நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆண்டு விழாவுக்குக் கீழே கல்யாண மண்டபத்தையே எடுத்தார்கள். கூட்டம் காட்ட வேண்டுமே என்று துறையூர்ப் பக்கத்திலிருந்து இருநூறு பள்ளிப் பிள்ளைகளை மூன்று பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். மாடியிலிருந்த சிவப்பு நாற்காலிகளை முன் வரிசைகளில் போட்டு, அவற்றில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். மையத்தின் வரலாற்றில் ஒரு குழந்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். பிள்ளைகள் விடியற்காலையில் கிளம்பியவர்கள். பசி, தாகம், ஒன்றுக்கு வேறு. கூட வந்த இரண்டு ஆசிரியைகளும் பஸ்காரரோடு பேசப் போயிருந்தார்கள். முதலில் சலசலப்பு, பிறகு கூச்சல், பிறகு நாற்காலிகள் நகரத் தொடங்கின. மேடையில் இருந்த ஊழியர்கள் மெல்லப் பின்பக்கத் திரையை நோக்கிப் போனார்கள்.

பீமராவ் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த மையத்தால் ஒரு குழந்தைக்கும் சிறு தீங்கும் நேர்ந்ததில்லை. காரணம் என்ன? கவனம். கட்டுப்பாடு. ஒரு குழந்தையைக் கூட நாங்கள் நெருங்கியதில்லை.” ஒரு காகித ராக்கெட் அவர் காதோரம் போனது. “பயிற்சியாளர், விதி பதினான்கு” என்றார் மைக்கில்.

ராஜ்மோகன் ஏட்டைப் பிரித்து விதி பதினான்கைப் படித்தார். ‘குழு ஆர்ப்பரித்தால் தன்னார்வலர் வட்டத்துக்குள் நின்று புன்னகைக்க வேண்டும்.’ அவர் புன்னகைத்தார். ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையில், காலுக்குக் கம்பி கட்டிச் சரிசெய்திருந்த நாற்பத்து மூன்றாம் நாற்காலியில், ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. டீச்சர் கழியையும் பார்க்கவில்லை, வட்டத்தையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவள் டீச்சரின் புடவையிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு, “பேர் என்னடா கண்ணு?” என்றார். “வைஷ்ணவி” என்று அழுதாள்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே முதல் வரிசைக்கு நடந்தார். மைக் இல்லாமல், மிகச் சின்னக் குரலில், எதிரே இருந்த நான்கு பிள்ளைகளிடம் மட்டும் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான்கு பேரும் முன்னால் குனிந்தார்கள். அடுத்த வரிசை, “என்னடி சொல்றாங்க?” என்றது. சத்தம் போட்டால் கேட்காது என்று தெரிந்ததும் அவர்களும் வாயை மூடினார்கள். வரிசை வரிசையாக மௌனம் பின்னால் போனது. பாலக்கரையில் பஸ் ஹாரனுக்கு நடுவே முப்பத்து நான்கு வருடம் செய்த வேலை. இரண்டு நிமிடம் பிடித்தது.

“ஒண்ணுக்குப் போறவங்க மட்டும் கையைத் தூக்குங்க” என்றார். இருநூறு கை எழுந்தது. வரிசையாக அனுப்பினார், தண்ணீர் கொடுக்கவைத்தார். ராஜ்மோகன் கழியைக் கீழே போட்டுவிட்டுக் குடம் தூக்கினார். விருந்தினர் வந்தபோது பிள்ளைகள் ஒழுங்காகக் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் பீமராவ் அவரை அறைக்கு அழைத்தார். உலக உருண்டை சுழன்றது.

“உங்க திறமையை யாரும் மறுக்கலை. ஆனா பாருங்க. தொட்டிருக்கீங்க. குனிஞ்சிருக்கீங்க. பேர் கேட்டிருக்கீங்க. இடுப்புல வேற வெச்சிருக்கீங்க. குழந்தைங்க மேல உங்களுக்கு அதீத நாட்டம் இருக்கு. இந்த நிலைமையில உங்களைக் குழந்தைங்க இருக்கிற இடத்துக்கு அனுப்ப முடியாது. ஜனவரியில மறுபடி சேருங்க. அதுவரைக்கும் இங்கேயே பயிற்சியாளரா இருந்துடுங்களேன். மேஜை ஒண்ணு காலியா இருக்கு.”

ஜனவரி. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் அதற்குள் ஆட்டின் பின்னால் போயிருப்பார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டு நிற்கப் பிடிக்காமல், வாயில் வந்ததைக் கேட்டார்.

“சார், இந்தச் சர்டிபிகேட் இல்லாம நான் போனா என்ன ஆகும்?”

உருண்டை நின்றது. பன்னிரண்டு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பீமராவ் ஏட்டை எடுத்தார், முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

“இது இல்லாமப் போகக் கூடாதுன்னு நாங்க எங்கேயும் சொல்லலையே. நீங்களாத்தானே வந்து கேட்டீங்க?”

டீச்சர் எழுந்தார். எட்டு வாரம் அவர் எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தார்: மோரை, புகைப்படத்தை, ராஜ்மோகனை, சகாயராணியைக் கூட. சந்தேகப்படாமல் விட்டது முத்திரை ஒன்றைத்தான்.

“அந்த ஏட்டை ஒப்படைச்சுட்டுப் போங்க” என்றார் பீமராவ்.

“மௌனம் இன்னும் பாக்கி இருக்குங்க சார். முடிச்சுட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டு, ஏட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

செப்டம்பர் நான்காம் தேதி திருச்சி விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்தார். “எதுக்குப் போறீங்க?” “ஒண்ணாம் வகுப்பு எடுக்க.” அவர் முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்க எட்டு வாரம் வீணாக்கியதை நினைத்து, விமானம் ஏறும்வரை டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் தேதி நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். கூடவே பெயர் பதியாத ஒன்பது தம்பி தங்கைகள். டீச்சர் ஏட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் நாலாகக் கிழித்தார். அச்சடிக்காத பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் வரை தாங்கும் என்று சகாயராணி கணக்குச் சொன்னாள். அவள் எடுத்த ஒரு படத்தை ராஜ்மோகனுக்கு அனுப்பினார்கள்: தோளில் ஒருத்தி, இடுப்பில் ஒருவன், புடவைத் தலைப்பைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேர், நடுவில் டீச்சர்.

நவம்பரில் மையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அம்மா மண்டபம் சாலையில் அந்தப் படத்தைப் பெரிய பேனராக வைத்திருப்பதாகவும், ‘எமது முதல் தன்னார்வலர்’ என்று போட்டிருப்பதாகவும் தெரிவித்திருந்தார்கள். மேற்படி படத்தில் மூன்று மீட்டர் இடைவெளி காணப்படாததற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தரும்படியும் கேட்டிருந்தார்கள். கீழே பீமராவ் கையெழுத்து, முத்திரை.

நல்ல வழவழப்பான தாள். முன் வரிசைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று டீச்சர் திருப்பினார். மறுபக்கத்தில், தாளின் மேல் ஓரத்தில், பொடிப் பொடியாக ராஜ்மோகன் எழுதியிருந்தார்:

‘டீச்சர், ரெண்டாம் வகுப்புக்கு ஆள் வேணுமா? எனக்கு லேத்தும் வரும்.’

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ராஜ்மோகன் எழுதியிருந்த பகுதியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை முன் வரிசையில் கொடுத்தார். சாயங்காலம் அந்தத் துண்டில் இருந்த கொஞ்ச இடத்தில் பதில் எழுதினார்.

‘வேணும். ஜனவரி வரைக்கும் காத்திருக்காதீங்க. பாஸ்போர்ட் போதும். வரும்போது ஏடு எத்தனை கிடைக்குதோ அத்தனையும் எடுத்துட்டு வாங்க.’